அடிக்கு அரைக்கால் அங்குலம்

பம்பாயில், செம்பூரிலிருந்து தேவ்நார் பக்கம் போகிற வழியில், உப்புத் தண்ணீர் ஏறி இறங்கும் ஓடைக்கு மேலே ஓர் இரும்புத் தொட்டிப்பாலம் நிற்கிறது. ஏழு செங்கல் தூண்கள், ஆறு கண்கள். கீழே கடல் தண்ணீர், மேலே தொட்டிக்குள் குடிதண்ணீர். யுத்த காலத்திலா இதைக் கட்டினார்கள் என்று பார்க்கிறவர்கள் மூக்கில் விரல் வைக்கிறார்கள். வைக்கட்டும். அதன் அடித்தகடுகளைப் பற்றி நான் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. சொல்லும்போது எங்கேயாவது நான் பாவம் என்று தோன்றும்படி எழுதியிருந்தால் அந்த வரியை மட்டும் நம்பாதீர்கள்.

என் பெயர் பஞ்சாபகேசன். பூர்வீகம் பாலக்காடு, குடியிருப்பு மாதுங்கா, ஆபீஸ் கோட்டைப் பகுதியில். பட்டறைகளில் செய்கிற சாமான் வரைபடத்துக்குச் சரியாக இருக்கிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போடுவது என் உத்தியோகம். எனக்கு வரைபடம் படிக்கத் தெரியும், இங்கிலீஷ் தெரியும், கோபிக்கத் தெரியும். இரும்பைப் பற்றி ஒன்றும் தெரியாது. அது தெரியாது என்பதும் அப்போது எனக்குத் தெரியாது.

நாற்பத்து மூன்றாம் வருஷம். ஓடைக்கு அந்தப் பக்கம் பட்டாளத்து முகாம் ஒன்று வந்தது. அதற்குத் தண்ணீர் கொண்டுபோகக் குழாய் கிடைக்கவில்லை. எஃகுத் தகடெல்லாம் கப்பலுக்குப் போய்விட்டது. உடைந்த பழைய வார்ப்பிரும்பு மட்டும் வேண்டிய மட்டும் கிடைத்தது. எங்கள் இஞ்சினீயர் சீமையிலிருந்து வந்து மூன்று மாதம்கூட ஆகாத இளவயசுத் துரை. அவர் தன் ஊர்ப் பாலம் ஒன்றின் படத்தை எடுத்து மேஜையில் விரித்தார். அங்கே படகு போகிற கால்வாயையே இரும்புத் தொட்டியில் ஏற்றி ஆற்றைத் தாண்ட வைத்திருக்கிறார்களாம். நூறு வருஷத்துக்கு மேலாகியும் ஒழுகவில்லையாம். ஆறடி நீளத் தகடுகளாக வார்த்து, விளிம்போடு விளிம்பு சேர்த்து போல்ட் போட்டு, இடுக்கில் ஈயச் செந்தூரம் தோய்த்த சணலைத் திணித்தால் தொட்டி தயார். அதையே சின்னதாகச் செய்துவிடலாம் என்றார்.

தகடு வார்க்கும் வேலை தாராவியில் நாகூர் மீரான் பாயின் பட்டறைக்குப் போயிற்று. முதலில் தகட்டின் உருவத்தில் மரத்தால் ஓர் அச்சு செய்ய வேண்டும். அதை மணலில் பதித்து எடுத்தால் விழுகிற பள்ளத்தில் உருகிய இரும்பை ஊற்றுவார்கள். போல்ட்டுக்கான துளைகள் வார்க்கும்போதே விழுந்துவிடும். அந்த மர அச்சைச் செய்கிறவர் செல்லப்பாண்டி. திருநெல்வேலிக்குத் தெற்கே ஏதோ ஊர், தாராவிக்கு வந்து பதினெட்டு வருஷம். என்னைவிடப் பத்து வயசாவது மூத்தவர். அப்போது 'நீ' என்றும் 'டா' என்றும்தான் கூப்பிட்டேன். இப்போது எழுதும்போது 'அவர்' என்று வருகிறது. மரியாதை எனக்கு ரயில் போன பிறகுதான் வரும்.

பக்கத் தகடுகள் எனக்கு முன்னாலிருந்த ஜகந்நாதன் காலத்திலேயே வார்த்து முடிந்திருந்தன. அவர் பூனாவுக்கு மாற்றலாகிப் போனார். அடித்தகடுகள் என் பொறுப்பில் வந்தன. புது அதிகாரி என்று காட்ட வேண்டாமா? முதல் நாளே என் ஆபீஸ் அடிக்கோலை எடுத்துக்கொண்டு போய் மர அச்சை அளந்தேன். ஆறடி இருக்க வேண்டியது ஆறடியும் முக்கால் அங்குலமும் இருந்தது. மறுபடி அளந்தேன். அதே முக்கால்.

உன் கோலைக் காட்டு என்றேன். செல்லப்பாண்டி தேக்கில் தானே செய்துகொண்ட இரண்டடிக் கோல் ஒன்றைக் கொடுத்தார். அதில் எழுத்து ஒன்றும் கிடையாது, கோடுகள் மட்டும். அதை என் கோலோடு சேர்த்து வைத்தேன். இரண்டடிக்குக் கால் அங்குலம் நீண்டிருந்தது. அடிக்கு அரைக்கால் அங்குலம். எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. இரும்புக்குக் கட்டுப்பாடு இருக்கிற காலம், தகடு நீண்டால் எடை கூடும், எடைக்குத்தான் கூலி. கள்ளக்கோல் என்று பட்டறை முழுக்கக் கேட்கும்படி கத்தினேன்.

அவர் பதறவில்லை. "இரும்பு ஆறும்போது ஒடுங்கும் சாமி. ஒடுங்கி வந்து உங்க கோலுக்குச் சரியா நிக்கும். அதுக்குத்தான் இந்தப் பெரிய கோலு" என்றார்.

"இரும்பென்ன, சலவைக்குப் போட்ட வேஷ்டியா, சுருங்கறதுக்கு?" என்றேன்.

மணல் சலித்துக்கொண்டிருந்த இரண்டு பேர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எனக்கு எவ்வளவு இனித்தது என்பதையும் எழுதித்தான் ஆக வேண்டும். அதன் ருசியில் அவர் சொன்னது காதுக்குள் போகவில்லை. கோலைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டேன். என் கண் முன்னாலேயே அச்சை முக்கால் அங்குலம் குறைத்து, துளைகளையும் என் கோல்படி மாற்றி வைக்கச் சொன்னேன். அவர் மீரான் பாயைப் பார்த்தார். ஆபீஸ் ஆளைப் பகைத்துக்கொண்டால் அடுத்த வேலை வராது என்று பாய்க்குத் தெரியும். ஐயர் சொல்றபடி செய் என்று சொல்லிவிட்டு அவர் உலைப் பக்கம் போய்விட்டார்.

இருபத்து நாலு தகடும் அந்த அச்சிலேயே வார்த்தார்கள். வார்த்து ஆறிய தகடுகளை அளந்து பார்ப்பதும் என் வேலைதான். ஒன்றைக்கூட அளக்கவில்லை. மரம் சரியாக இருந்தால் இரும்பும் சரியாகத்தானே இருக்கும் என்று வெள்ளைச் சாயத்தில் குறி போட்டு மாட்டு வண்டியில் ஏற்றிவிட்டேன்.

ஓடைக்கரையில் பக்கத் தகடுகளைத் தூண்களுக்கு நடுவே சாரம் கட்டி நிறுத்தியிருந்தார்கள். முதல் அடித்தகட்டைச் சங்கிலியில் தூக்கி அடியில் கொண்டுவந்தார்கள். முதல் துளையில் போல்ட் வழுக்கிக்கொண்டு இறங்கியது. இரண்டாவதில் தட்டி இறக்கினார்கள். நாலாவதில் துளை பிறை மாதிரி தெரிந்தது. கடைசித் துளையில் இரும்புக்கு நேராக இரும்பு நின்றது. இன்னொரு தகடு, இன்னொன்று. எல்லாம் அதே கதை.

துரை தன் தோல்பையிலிருந்து ஓர் அடிக்கோலை எடுத்தார். அதன் ஓரத்தில் இங்கிலீஷில், சுருக்கத்துக்கு அடிக்கு அரைக்கால் அங்குலம் என்று பொறித்திருந்தது. அச்சு செய்கிறவன் இதைத்தானே வைத்திருக்க வேண்டும் என்று என்னிடம் கேட்டார். என் கோல் சட்டைப்பையில் துருத்திக்கொண்டிருந்தது. புதன்கிழமை பட்டறைக்கு வருகிறேன், அந்த ஆளை விசாரிக்க வேண்டும், நீ மொழிபெயர்க்க வேண்டும் என்றார்.

புதன்கிழமை காலையில் அந்தத் தேக்குக் கோலை வெந்நீர் அடுப்பில் வைத்தேன். என் மனைவி வாலாம்பாள் பார்த்துவிட்டாள். நல்ல தேக்காச்சே, இதைப் போய் எரிக்கறேளே என்றாள். என் வீட்டில் எதை எரிப்பதென்று எனக்குத் தெரியும் என்று அவள் மேல் விழுந்தேன். அந்த வெந்நீரில் குளித்துவிட்டு, விபூதி இட்டுக்கொண்டு, தாராவிக்குப் போனேன்.

துரை வருவதற்குக் கொஞ்சம் முன்னால் செல்லப்பாண்டி என்னைத் தனியாகக் கூப்பிட்டார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நானும் கத்தித் தப்பித்திருப்பேன்.

"தெரியாமச் செஞ்சது தப்பில்ல சாமி. பெரிய கோலை நீங்க எடுத்துக்கிட்டுப் போனதத் தொரைகிட்டச் சொல்லிருங்க. அது போதும்" என்றார்.

தலையை ஆட்டினேன். ஆமாம் என்றுதான் ஆட்டினேன்.

துரை மேஜைமேல் உட்கார்ந்தபடி கேட்டார்: சுருக்கத்துக்கு இவன் என்ன அலவன்ஸ் எடுத்தான்? இதைத் தமிழில் கேட்பது ஒன்றும் கம்பசூத்திரம் இல்லை. 'இரும்பு ஒடுங்கறதுக்கு எவ்வளவு விட்டே?' அவ்வளவுதான். வார்த்தை நாக்கு நுனியில் இருந்தது. கேட்டிருந்தால் அவர் பெரிய கோலைப் பற்றிச் சொல்வார், எடுத்துப்போனது யார் என்று சொல்வார். பட்டறையில் பத்துப் பேருக்கு அது தெரியும்.

"அலவன்ஸ் ஏதாவது எடுத்தியா?" என்று கேட்டேன்.

அந்த வருஷம் பம்பாயில் எந்தத் தொழிலாளியிடமும் அலவன்ஸ் என்றால் ஒன்றே ஒன்றுதான்: விலைவாசிக்காக மில்களில் கொடுத்துக்கொண்டிருந்த பஞ்சப்படி. சின்னப் பட்டறைகளில் அது கிடையாது. அது எனக்கு நன்றாகத் தெரியும்.

செல்லப்பாண்டி லேசாகச் சிரித்தார். "அலவன்ஸா? நமக்கு ஏது சாமி அலவன்ஸ்? ஒரு நாளும் எடுத்ததில்ல" என்று கையை விரித்தார்.

துரைக்கு அந்த ஒரு வார்த்தையும் விரித்த கையும் புரிந்துவிட்டன. இருந்தாலும் என்னைப் பார்த்தார். ஒரு நாளும் அலவன்ஸ் எடுத்ததில்லை என்கிறான் என்று மொழிபெயர்த்தேன். அதில் ஓர் எழுத்துப் பிசகு கிடையாது. எந்தக் கோர்ட்டிலும் செல்லும். அப்புறம் தகடுகளைத் திரும்ப உருக்க எத்தனை நாளாகும் என்று நாலு நிமிஷம் விடாமல் இங்கிலீஷில் பேசினேன், கையையெல்லாம் ஆட்டி. செல்லப்பாண்டி என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்காக வாதாடுகிறேன் என்று நினைத்திருக்கிறார். அப்படி நினைக்க வேண்டும் என்றுதான் கையை ஆட்டினேன்.

இந்த ஆள் இனி இந்த வேலையைத் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டுத் துரை போனார். மீரான் பாய் தலையை ஆட்டிக்கொண்டே துரையின் பின்னால் வாசல் வரைக்கும் போனார். "எல்லாம் சொன்னேண்டா. தொரை கேக்க மாட்டேங்கறான்" என்று செல்லப்பாண்டியிடம் சொன்னேன். நீங்க என்ன செய்வீங்க சாமி என்று சொல்லிவிட்டு அவர் உளிகளைத் துணியில் சுற்ற ஆரம்பித்தார்.

பட்டறைக்காரர்கள் ஒருவருக்கொருவர் பேசாமலிருப்பார்களா? அளவு தெரியாதவன், துரையே சொன்னான் என்று குர்லா வரைக்கும் பேச்சுப் போய்விட்டது. ஒருவரும் அவரைச் சேர்க்கவில்லை. ஆறு வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மாதுங்காவில் என் வீட்டு மாடிப்படியில் வந்து நின்றார். உள்ளே வா என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வாலாம்பாள்தான் காப்பி கொடுத்தனுப்பினாள். பெஞ்சாதி ஆறுமுகத்தாய் இட்லி சுட்டு விற்கிறாள், சாப்பாட்டுக்குக் குறைவில்லை என்று அவராகவே சொன்னார். துரைக்கு இங்கிலீஷில் ஒரு மனு எழுதித் தர வேண்டும் என்றார்.

"வேல கேட்டு எழுத வேண்டாம் சாமி. என் அளவு தப்பில்லன்னு ஒரு வரி எழுதுங்க. அது காயிதத்துல இருந்தாப் போதும். பொறவு நான் எங்கயும் பொழச்சுக்கிடுவேன்."

ஒரே ஒரு வரி. அந்த வரியை எழுதினால் அடுத்த வரி தானாக வந்துவிடும்: அப்படியானால் தப்பு யாருடையது? என் உத்தியோகம், என் வீடு, தெருவில் என்னை ஸார் என்று கூப்பிடுகிறவர்கள் எல்லாம் கண் முன்னால் வந்து நின்றார்கள். அங்கே நின்றுகொண்டிருந்த மனுஷர் மட்டும் தெரியவில்லை.

எழுதினேன். 'என் அறியாமையால் அளவில் நேர்ந்த தவறை ஒப்புக்கொள்கிறேன். குடும்பஸ்தன். கருணை கூர்ந்து மறுபடி வேலையில் சேர்த்துக்கொள்ளப் பிரார்த்திக்கிறேன்.' நல்ல இங்கிலீஷ். என் ஆயுளில் அவ்வளவு நல்ல இங்கிலீஷ் எழுதியதில்லை. வேலை கிடைத்துவிட்டால் மானம் தானாகக் கிடைத்துவிடும், இதுதான் அவருக்கு நல்லது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய்தான். எனக்கு எது நல்லது என்று மட்டும்தான் பார்த்தேன்.

"நான் சொன்ன வரி எது சாமி?" என்று கேட்டார்.

தவறை ஒப்புக்கொள்கிறேன் என்ற வரியின் மேல் விரலை வைத்துக் காட்டினேன். அவர் அந்த வரியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். கீழே தமிழில், சின்ன எழுத்தில், நிதானமாகத் தன் பெயரை எழுதினார்.

மனு பலித்தது. தப்பை ஒப்புக்கொள்கிற நாட்டு வேலைக்காரனை இப்போதுதான் பார்க்கிறேன் என்று துரை குதூகலித்தார். மறுபடி சேர்த்துக்கொள்ளச் சொன்னதோடு, தன் தோல்பையிலிருந்த கோலையே அவருக்குக் கொடுக்கச் சொல்லி என்னிடம் தந்தார். நான் அதைக் கொண்டுபோய்க் கொடுத்து, துரை உன் அளவுதான் சரி என்று ஒத்துக்கொண்டார் என்றேன். இவ்வளவு தூரம் வந்த பிறகு வேறென்ன சொல்ல முடியும்? செல்லப்பாண்டி அந்தக் கோலைத் தாராவி முழுக்கக் கொண்டுபோய்க் காட்டினார். மீரான் பாய்க்கு நிஜம் என்ன என்று கேட்கத் தைரியமில்லை. பட்டறையில் அவருக்குத் தனி ஸ்டூல் போட்டுக் கொடுத்தார்.

குறைந்த தகடுகளை உடைத்து உருக்கி, செல்லப்பாண்டி செய்த புதிய அச்சில் வார்த்தார்கள். இந்தத் தடவை ஒவ்வொன்றையும் நானே அளந்தேன். ஆறடி, முடி அளவு கூடக் குறையில்லை. ஓடைக்கரையில் அறுநூறு போல்ட்டுக்கு மேல் இறங்கின. ஒன்றுகூட அடம் பிடிக்கவில்லை. ஒவ்வொன்று இறங்கும்போதும் எனக்கு யாரோ முகத்தில் அடிக்கிற மாதிரி இருந்தது. செல்லப்பாண்டியோ என்னைப் பார்க்கும்போதெல்லாம் கையெடுத்துக் கும்பிட்டார். அந்தக் கும்பிடுக்குப் பயந்து சாரத்தின் மறுபக்கமாகச் சுற்றிக்கொண்டு போவேன்.

மழைக்காலம் முடிந்து ஒரு நாள் சாயங்காலம் தொட்டியில் தண்ணீர் விட்டார்கள். வேலை செய்தவர்கள் எல்லோரும் குடும்பத்தோடு வரலாம் என்று துரை சொல்லியிருந்தார். தாராவியிலிருந்து நாற்பது பேர் வந்தார்கள். செல்லப்பாண்டி வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, ஆறுமுகத்தாயையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். அந்த அம்மாள் ஊரிலிருந்து வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. தமிழ் தவிர ஒன்றும் தெரியாது. தண்ணீர் மதகைத் தாண்டி, பழுப்பாக நுரைத்துக்கொண்டு, ஆறு கண்ணையும் கடந்து அந்தக் கரையில் விழுந்தது. கீழே ஒரு சொட்டு ஒழுகவில்லை. எல்லோரும் கை தட்டினார்கள்.

துரை செல்லப்பாண்டியை முன்னால் கூப்பிட்டார். நான் வழக்கம்போல நடுவில் போய் நின்றேன். துரை கையைக் காட்டி என்னை நிறுத்தினார். வந்து ஒரு வருஷம் ஆகப்போகிறது, முன்ஷி வைத்து ஹிந்துஸ்தானி படிக்கிறேன், இவனிடம் நானே பேசுகிறேன் என்றார். பெருமையாகத் தொண்டையைச் செருமிக்கொண்டு, செல்லப்பாண்டியின் தோளில் கை வைத்துச் சத்தமாகச் சொன்னார்:

"தும் கல்தி கியா. தும் கல்தி மான் லியா. தும் அச்சா ஆத்மி."

தப்புச் செய்தானாம், அதை ஒப்புக்கொண்டானாம், நல்லவனாம். பத்தொன்பது வருஷம் பம்பாயில் இருக்கிறவருக்கு அதைப் புரிந்துகொள்ள நான் தேவையில்லை. கூட வந்த பட்டறைக்காரர்களுக்கும் தேவையில்லை. கை தட்டல் நின்றது. மீரான் பாய் தரையைப் பார்த்தார்.

செல்லப்பாண்டி மெதுவாக என் பக்கம் திரும்பினார். அவர் முகத்தில் கோபத்தைத் தேடினேன். இருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

"சாமி, அந்த மனுவுல என்ன எழுதுனீங்க?"

துரை சிரித்த முகத்தோடு என்னைப் பார்த்து, என்ன சொல்கிறான் என்று கேட்டார்.

இரண்டு பேரும் என் பதிலுக்காகக் காத்திருந்தார்கள். எல்லாவற்றையும் சொல்ல அதைவிட நல்ல சந்தர்ப்பம் யாருக்கும் கிடைக்காது. துரை சந்தோஷமாக இருந்தார், பாலம் நின்றுவிட்டது, தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. போனால் என் உத்தியோகம் போயிருக்கும். அவ்வளவுதான் போயிருக்கும்.

"ஹி ஸேஸ் தேங்க்ஸ், ஸார்" என்றேன்.

தேங்க்ஸ் என்ற வார்த்தை தெரியாதவர்கள் தாராவியில் கிடையாது. செல்லப்பாண்டி அதைக் கேட்டார். பிறகு துரைக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, எனக்குப் போடாமல், கூட்டத்துக்குள் போனார்.

ஆறுமுகத்தாய் ஆவலோடு எதிரே வந்தாள். தன் புருஷன் தோளில் துரை கை வைத்ததை மட்டும்தான் அவள் பார்த்திருந்தாள். எல்லோர் காதிலும் விழும்படி, "தொரை என்ன சொன்னாவ?" என்று கேட்டாள்.

"நான் தப்புப் பண்ணுனேன், அத ஒத்துக்கிட்டேன், அதனால நல்லவன்னு சொல்லுதாரு" என்றார் செல்லப்பாண்டி.

ஒரு வார்த்தை கூட்டவில்லை, ஒரு வார்த்தை குறைக்கவில்லை.